வெள்ளிக்கிழமைக் கணவாய்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். இளையவர் அவரை அத்தான் என்று கூப்பிட்டார். வழியில் தெரிந்த சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் அத்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“உந்தக் கடையிலை இடியப்பம் பஞ்சு மாதிரி. ஆனா சொதி வெறும் மஞ்சள் தண்ணி.”

“அங்காலை இருக்கிறது?”

“அவன்ரை புட்டாலை எறிஞ்சா ஆள் காயப்படும். யாழ்ப்பாண ரவுணிலை ஒழுங்கைக்குள்ளை ஒரு கடை இருக்கு. கணவாய்க் கறி திறம். ஆனா வெள்ளிக்கிழமையிலைதான் சாப்பிட வேணும்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அதென்ன வெள்ளிக்கிழமை?”

“அண்டைக்குச் சனம் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் தின்னாது. அதாலை சின்னச் சட்டியிலை கொஞ்சமாத்தான் வைப்பினம். கறி நல்லாப் பிரண்டு வரும். மற்ற நாளிலை அண்டா நிறையக் குழம்பு, கணவாய் ரப்பர்.”

இளையவர் அத்தானின் நெற்றியைப் பார்த்தார்.

“அத்தான், நீங்கள் வெள்ளியிலை விரதம் எண்டெல்லோ அக்கா சொன்னவ?”

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பஸ் வல்லை வெளிக்கு வந்திருந்தது. தீர்ப்புச் சொல்ல அங்கே ஒரு கடையும் இல்லை. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

இளையவர் அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“றோட்டாலை போறவைக்கு அந்தக் கடைக்குள்ளை இருக்கிற ஆக்களைத் தெரியுமோ?”

“தெரியாது. பின்னுக்கு ஒரு அறை இருக்கு. திருநீறு பூசின ஆக்கள் எல்லாம் அங்கைதான்.”