புடிக்கலீங்க, தலைவரே

மாலை ஆறரை மணி... மழை விட்டும் விடாத நேரம். அரநாயக்கப் பக்கம் நம் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கும் ரோட்டில், சூலம் நட்ட முடக்குக்கு, அந்தக் கொண்டை வளைவுக்கு மேலே, ஒரு பழைய கார் தனியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்னாலும் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உள்ளே பெட்டியில் கிடப்பவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்து கூப்பிடவில்லை. கேட்டால் கேட்கட்டும். சாவு வீட்டில் செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். நல்லையாவைப் பற்றி நல்லது மட்டும் பேச வேண்டுமென்றால், விடியும் வரை நாம் வாயை மூடிக்கொண்டு பிளேன்டீ குடிக்க வேண்டியதுதான்.

அந்தக் கார் அவருடையது. நடந்தது, இதோ இருக்கிறானே என் கூட்டாளி சசி, இவனுடைய பெரியம்மா ஜெயம்மாவுக்கு. நல்லையாவின் பெண்சாதி. உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, பார்த்தீர்களா? அவர் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

நல்லையா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரானதும் ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கி ஹயருக்கு, வாடகை ஓட்டத்துக்கு விட்டார். தனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனால் கார் முதலாளி. ஓட்டியவன் சின்னத்தம்பி. காதில் எப்போதும் ஒரு பீடி. செருப்புப் போட மாட்டான். வெறுங்காலால் மிதித்தால்தான் பிரேக் பேசுவது தெரியும் என்பான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்த பிரேக் பேசுவதை நிறுத்தியது. ஒரு மிதி மிதித்தால் பெடல் அடிவரை போய்விடும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் கொஞ்சம் நிற்கும். டக்... டக். இரண்டு மிதி. நிறுத்திய வண்டியில் காலை அழுத்தியபடியே இருந்தால், பெடல் தானாக மெல்ல... மெல்ல... இறங்கும். வெளியே ஒரு சொட்டு ஒயில் ஒழுகாது. லொறி ஓட்டுகிற எனக்குத் தெரியும் அது என்னவென்று. மாஸ்டர் பம்புக்குள்ளே இருக்கிற ரப்பர் போய்விட்டது. சின்னத்தம்பிக்கும் தெரியும். ஒரு நாள் காலை, சங்கக் கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி உடுத்தி நின்றவரிடம் போய்ச் சொன்னான்.

"தலைவரே, புடிக்கலீங்க."

இவ்வளவுதான். பிரேக் என்று ஒரு வார்த்தையை முன்னால் போட்டிருக்கலாம். வண்டி ஓட்டுகிறவர்கள் அதைப் போடுவதில்லை. எங்களுக்குப் 'புடிக்கல' என்றால் பிரேக்தான், வேறென்ன? ஆனால் கேட்டவர் தலைவர் அல்லவா... தன்னிடம் வேலை செய்யப் பிடிக்கவில்லை என்கிறான், கூட்டத்து நாளாகப் பார்த்து முறுக்குகிறான் என்று எடுத்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கக் கத்தினார்.

"புடிக்கலன்னா எறங்கிப் போடா. ஒனக்குப் பின்னால ஆளா இல்ல?"

சின்னத்தம்பிக்கு லைன் வீட்டு ஒற்றைக் காம்பிராவில் மூன்று பிள்ளைகள். காரை எடுத்தான். தலைவர் கழுத்துக்கு மாலை வாங்கி வரத்தான் போனான். சூலத்து முடக்கில் கார் நிற்காமல் நேராகப் பள்ளத்துக்குள் போயிற்று. சின்னத்தம்பி அங்கேயே முடிந்தான். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுக் காரணம் கண்டுபிடித்தார். ஒயில் ஒழுகவில்லையாம், ஆகவே பிரேக் நல்ல பிரேக்காம், டிரைவர்தான் குடித்திருந்தானாம். கள்ளு வாசனைக்கே தும்முகிறவன் சின்னத்தம்பி. தூ...

காரைத் தூக்கி எடுத்து டவுனில் மெக்கானிக் பாறூக் பாஸின் கராஜில் போட்டார்கள். புது மாஸ்டர் பம்ப், புது லைனர் எல்லாம் வந்தது. ஓட்டத்தான் ஆள் வரவில்லை. தலைவரே ஓட்டப் பழகினார். கடைத்தெருவில் மிதித்தால் கல்லு மாதிரி நிற்கும். சூலத்து முடக்குக்கு வந்தால்... பெடல் மெல்ல இறங்கும். பாறூக்கைக் கூட்டிவந்து சண்டை போட்டார். பாறூக் அதே முடக்கில் மூன்று தரம் ஓட்டிக் காட்டினார். மூன்று தரமும் நின்றது. தலைவர் மிதித்தார். இறங்கியது. சக்கரம் நாலையும் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு பாறூக் கையைத் துடைத்தார்.

"கார்ல ஒண்டும் இல்ல தலைவர். கால மாத்திப் பாருங்க."

அந்த ஐப்பசியில்தான் மகள் பிரேமலதாவுக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். தோட்டத்து லொறி ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வேறு வழியில்லை. பின் சீட்டில் மகள், மகள் தலை ஜெயம்மா மடியில். முன்னால் தலைவர். இப்போது தெரிகிறதா, ஆறரை மணிக்கு அந்த ரோட்டில் யார் இறங்கினார்கள் என்று?

முடக்கு வந்தது. மிதித்தார். பெடல் போய்விட்டது. மறுபடி மிதித்தார். இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அதுவும் இல்லை. காருக்குள் பீடி வாசனை... அதோடு பிரேக் ஒயில் வாசனை. வேர்த்துக் கொட்டத் தொடங்கியதும், ஊரெல்லாம் மைக் பிடித்த அந்த வாய் குழறியது.

"புடிக்கல... ஐயோ, புடிக்கல..."

யாருமே இல்லாத பக்கத்துச் சீட்டிலிருந்து பதில் வந்தது. சத்தமாக இல்லை. சாதாரணமாக, இவரே ஒரு காலைநேரம் கத்தின அதே வார்த்தை...

"புடிக்கலன்னா எறங்கிப் போடா."

போனார். அதைத்தான் சொல்ல வந்தேன். பின்னால் வலியில் துடிக்கிற மகள், அவளைப் பிடித்திருக்கும் பெண்சாதி, இரண்டு பேரையும் ஓடுகிற காரில் விட்டுவிட்டு, கதவைத் திறந்து ரப்பர் மரங்களுக்குள் குதித்தார். நம் தலைவர். இவருக்குத்தான் நாளைக்குக் கறுப்புக் கொடி கட்டப் போகிறோம்.

ஜெயம்மா அவர் குதித்ததைப் பார்த்தார். கதவு தானாக மூடியது. அதன் பிறகு அவர் தலையைத் தூக்கவில்லை. "யாரு ஓட்டுனதுன்னு நான் பாக்கலப்பா. பாக்கணும்னு தோணல" என்றுதான் எனக்குச் சொன்னார். காது மட்டும் கேட்டதாம். ஒவ்வொரு முடக்கிலும்... டக்... டக். இரண்டு மிதி. கார் அலுங்காமல் திரும்பியது. பிரேமலதா முனகினால் வேகம் குறைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது எஞ்சினும் அணைந்தது. ஆட்கள் ஓடி வந்து கதவைத் திறந்தார்கள். முன் சீட்டில் யாரும் இல்லை. பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். இன்று தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிகிறாளே ஒரு சின்னப் பெண், அவள்தான் அந்தப் பிள்ளை.

தலைவருக்கு முழங்கால் உடைந்தது. பேய் தள்ளிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார். ஜெயம்மா அன்றோடு அவரோடு பேசுவதை விட்டார். காரை விற்றார்கள், வாங்கியவன் நன்றாக ஓட்டினான். ஆனால் தலைவர் ஏறிய எந்த வண்டியும் அந்த முடக்கில் இறங்காது. பஸ்ஸில் ஏறினால், நீங்கள் இறங்கினால்தான் பஸ் இறங்கும் என்கிற மாதிரி டிரைவர் திரும்பிப் பார்ப்பான். கடைசியில் நொண்டிக்கொண்டு நடந்துதான் போய் வந்தார்.

முந்தாநாள் கேகாலை ஆஸ்பத்திரியில் செத்தார். இன்று பின்னேரம் வேன்காரர் பளீல்தான் தன் வேனில் பெட்டியைக் கொண்டுவந்தார். மூலையில் இருக்கிறார், பாருங்கள். தேத்தண்ணியைத் தொடவில்லை. ஏற்றத்தில் வருகிற வண்டிக்கு என்ன பிரேக் வேண்டும் என்றுதானே நானும் நினைத்தேன்? பிந்தியதற்குக் காரணம் கேட்டேன். சூலத்து முடக்கில் வேன் நின்றுவிட்டதாம். நாலு சக்கரமும் இறுகி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல்... கன நேரம் கழித்துத்தான் விட்டதாம். எஞ்சின் கோளாறா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் மிதிக்கல்ல அண்ணன். தன்னால புடிச்சிரிச்சி."

டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் வேனுக்குள் அடித்துப் பார்த்தேன். பிரேக் பெடல் மறுபடியும் அடிவரை இறங்கியிருந்தது, யாரோ மிதித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. பெடல் ரப்பரின் மேல் ஈரச் சேறு. அதில் ஒரு வெறுங்காலின் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. பளீல் காலைப் பாருங்கள், சப்பாத்துப் போட்டிருக்கிறார்.