கொடைக்கானலுக்கு எட்டுப் புத்தகம்

— ஹானி, நாலரைக் கிலோ காட்டுது. அஞ்சு நாளைக்கு எட்டுப் புத்தகமா?

— கொடைக்கானலுக்கு நாம போறது பஸ்ஸுல. பஸ்ஸுல யாரு மச்சான் கிலோ பாக்கா? சவூதியில தம்மாம் ஏர்போர்ட்டுன்னு நெனப்பா? அந்தத் தராசைக் கீழ வைங்க.

— பழக்கமாப் போச்சு. பதினாலு வருஷமா நிறுக்காம ஒரு பை கட்டுனதில்ல. ஆனா வல்லாஹி, போன்ல சொல்லிக்கிட்டே இருந்த மாதிரி இதுதான் கடைசி லீவு. கொடைக்கானல் போயிட்டு வந்ததும் கம்பெனிக்கு மெயில் அனுப்பிருவேன். வேலை வேண்டாம், கலாஸ், முடிஞ்சுது. பொறவு இந்த யாசிர் இங்கனதான், உன் கூடத்தான்.

— ம்.

— என்ன ம்? சந்தோசம்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லேன்.

— மொதல்ல பையக் கட்டுவோம். இதுல நாலைக் கழிக்கணும். எதைக் கழிக்கன்னுதான் காலையில இருந்து உக்காந்துருக்கேன். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு மொறைக்குது.

— என்னைக் கேட்டா? பாஸ்போர்ட்டைத் தவிர நான் எந்தப் புத்தகத்தைத் தொட்டேன்? சரி, அந்தப் பச்சை அட்டையைக் குடு. பின்னால என்ன போட்டுருக்கான்னு வாசிக்கேன். ‘மருத்துவமனைத் தாதி அனுஜா, நிச்சயித்த திருமணத்தை உதறிவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறுகிறாள்…’ யா அல்லாஹ்!

— என்ன மச்சான்?

— இது நம்ம அனுஜால்லா! எந்தப் படுபாவி அந்தப் புள்ள கதைய அச்சடிச்சு ஊரு சிரிக்க வச்சான்?

— நம்ம அனுஜாவா?

— நீதான போன்ல சொன்ன? ரெண்டு மாசம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்ன. ‘இன்னைக்கு அனுஜா மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டா மச்சான்’னு.

— மச்சான்… அது இந்தப் புத்தகந்தான். படிக்கப் படிக்க உங்ககிட்ட சொன்னேன். அனுஜா இதுக்குள்ள உள்ள புள்ள.

— அப்ப பின்வாசல் முடுக்குச் சந்து வழியா உன்னத் தேடி வந்து அழுதது?

— எவளும் வரல. அது நீங்களா நெனச்சுக்கிட்டது.

— நெனைக்காம? பொம்பளையோ போற முடுக்குல ஆம்பள நான் கால் வச்சதுண்டா? எந்த வீட்டுல எவ இருக்கான்னு எனக்கு என்ன தெரியும்? நீ பேரு சொன்னா, அப்படி ஒருத்தி இருக்கான்னு நம்புறதுதான். சரி, ஆறுமுகநேரி தாணுலிங்கம் அண்ணாச்சி? மக கூடப் பேசாமலே பன்னெண்டு வருஷம் கடை நடத்துனவரு?

— அந்த நீல அட்டை. ஊரு ஆறுமுகநேரின்னு நான் சொல்லவே இல்ல.

— நாசமாப் போச்சு! லீவுல வந்த மூணாம் நாளு, ஆறுமுகநேரி பூரா அவரு கடையைத் தேடி அலைஞ்சேன். ‘மகட்டப் பேசுங்க அண்ணாச்சி’ன்னு புத்தி சொல்லப் போனேன். அப்படி ஆளே இல்லங்கான் அத்தன பேரும். எல்லாப் பயலும் சேந்து மறைக்கானுவோன்னு நெனச்சு வந்துட்டேன்.

— சிரிக்க வைக்காதீங்க மச்சான், வயிறு வலிக்குது.

— உனக்குச் சிரிப்பு. எனக்குத் தலை சுத்துது. சுபைதா மாமி? அவங்களாவது உண்டா?

— எதுத்த வீடு மச்சான். நேத்து வட்டிலப்பம் குடுத்து விட்டாங்க, நீங்கதான் மூணு துண்டு தின்னிய.

— அல்ஹம்துலில்லாஹ். இரு… அருணாசலவடிவு டீச்சர்?

— அவங்களைப் பத்திக் கேக்காதீங்க.

— சொல்லு ஹானி. ஆபரேசன்னு சொன்னியே. உம்ரா போனப்ப மக்காவுல கஃபத்துல்லா முன்னால நின்னு, எங்க வாப்பாவுக்குக் கூட அப்படி அழுததில்ல, அந்த டீச்சருக்காக துஆ கேட்டேன்.

— இருநூத்திப் பத்தாம் பக்கத்துல மௌத்தாப் போயிட்டாங்க.

— நல்லா இருக்காங்கன்னு சொன்ன!

— அவ்வளவு தூரம் நின்னு அழுதேன்னு சொல்லுதிய. பொறவு மௌத்துன்னு எப்படிச் சொல்ல? அதுக்கு மேல அந்த டீச்சர் நடந்தது, சிரிச்சது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் நானே கட்டிச் சொன்னதுதான்.

— கோவப்படவா சிரிக்கவான்னே தெரியல. புத்தகம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்ல மச்சான்? பதினாலு வருஷத்துல நாம ஒண்ணா இருந்தது ரெண்டு வருஷம் வருமா? போன் வந்தா ‘சாப்புட்டியா, புள்ளையோ தூங்கிட்டாங்களா’. அதோட பேச்சு முடிஞ்சுரும். அனுஜா வந்த பொறவுதான் ஒரு மணி நேரம் பேசுனிய. சலாம் சொன்ன கையோட அவளைத்தான் கேட்டிய. புத்தகம்னு சொல்லிட்டா, நாளைக்குக் கேக்கவா செய்விய? அந்தப் பயந்தான்.

— ம்… அதுவும் நெசந்தான். கேட்டிருக்க மாட்டேன். சரி, கலாஸ். நடந்தது நடந்து போச்சு. எட்டையும் வையி, நான் தூக்குதேன். எனக்கும் ஒண்ணு எடு. மலையில உக்காந்து நானும் படிக்கேன்.

— நீங்களா? எது வேணும்?

— பேரு ஞாபகம் இல்ல. போன நோம்புல சொன்னியே, ஒரு கப்பல்காரன் பொண்டாட்டி. புருசன் வேலைய விட்டுட்டு ஒரேயடியா ஊருக்கு வாரேங்கான், இவளுக்குத் தூக்கமே இல்ல. நெனச்ச நேரம் சோறு வச்சு, நெனச்ச நேரம் படிச்சுன்னு தன்போக்குல இருந்து பழகிட்டா. அவனை வேண்டாம்னும் இல்ல. ஆனா தெனமும் ஒரு ஆளு வீட்டுக்குள்ள இருந்தா எப்படி இருக்கன்னு பயப்படுதா. ‘நாம என்ன செய்யணும் மச்சான், அவ என்ன செய்யணும்’னு மாத்தி மாத்திக் கேட்டியே!

— அதுக்கு நீங்க என்ன சொன்னிய?

— அவ மேல ஒரு தப்பும் இல்ல, பாவம். ஆனா இதைப் போன்ல சொல்லக்கூடாது, அவன் வந்ததும் முகத்தைப் பாத்துச் சொல்லணும், மனுசனா இருந்தா கேப்பான்னு சொன்னேன். பொறவு நீ அதைப் பத்திப் பேசவே இல்ல. சொன்னாளா அவ?

— இன்னும் சொல்லல.

— நீ இன்னும் முடிக்கலையா? அப்ப அதைத்தான் மொதல்ல பையில வைக்கணும். இதுல எந்த அட்டை?

— அதுக்கு அட்டை கெடையாது மச்சான்.

— கிழிஞ்சு போச்சா?

— பையை விட்டுட்டு இப்படித் திரும்பி உக்காருங்க. உங்க முகத்தைப் பாத்து நான் ஒண்ணு சொல்லணும்.