பின் இருக்கைத் தகட்டில் இருந்த நான்கு போல்ட்டுகள்

பெயர்: பூவராகவன். தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற வேதாசலம். வயது 53. சொந்த ஊர் நாகலாபுரம். தற்போது குடியிருப்பது திருப்பதி, ரேணிகுண்டா சாலையை ஒட்டிய வாடகை வீடு, கதவு எண் 7-214. படிப்பு எம்.எஸ்சி. இயற்பியல். தொழில்: முன்பு ஸ்ரீசிட்டியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், தற்போது வேலை இல்லை.

இன்று 14.3.2024 காலை பத்து மணிக்கு, எனக்குக் கொடுக்கப்பட்ட அறிவிப்பின்படி வனச் சரக அலுவலகத்தில் ஆஜராகி, கீழ்க்கண்டவற்றை என் கைப்பட எழுதித் தருகிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், கேட்டால் புரியும், படிக்கவும் எழுதவும் வராது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஊத்துக்கோட்டையில் தமிழில் படித்தவன். அதனால் தமிழில் எழுதுகிறேன். அலுவலக எழுத்தர் இதைத் தெலுங்கில் மாற்றிக்கொள்வார் என்று பிரிவு அலுவலர் திரு. ரங்கையா கூறினார்.

மேற்படி அறிவிப்பில் கண்ட வழக்கில் பிடிக்கப்பட்ட 1984-ஆம் ஆண்டு அம்பாசிடர் கார் என்னுடையது. அதை 2023 ஜூலையில் பங்காருபாளையத்தைச் சேர்ந்த கிரண்குமாரிடம் வாங்கினேன். மேற்படி கிரண்குமார் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கொள்முதல் மேற்பார்வையாளராக இருந்தவர். 2021-இல் அவர் வாங்கிய எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளில் ஒரு லாட் முழுவதையும் நான் நிராகரித்தேன். அந்தப் போல்ட்டுகளின் தலை பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு உரியது. தலையில் தர எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணக் குறி மட்டும் இருந்தது. சோதனையில் பத்துக்கு நான்கு முறிந்தன. நிராகரித்த ஐந்தாம் மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் வயது என்றார்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவர் இன்னும் அங்கே இருக்கிறார். அதன்பின் மேற்படி கிரண்குமார் மீது நிர்வாகத்துக்கு இரண்டு மனுவும் தொழிலாளர் துறைக்கு ஒரு மனுவும் அனுப்பினேன். எதற்கும் பதில் இல்லை. இவற்றை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் அவற்றின் நகல்கள் ஏற்கெனவே இந்த அலுவலக மேசையில் இருக்கின்றன.

அப்படிப்பட்டவரிடம் ஏன் கார் வாங்கினாய் என்று கேட்கப்பட்டது. அந்த மாடலை நான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியும். அவரே வீட்டுக்கு வந்து, என் மனைவி சுமித்ரா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "அண்ணா, பழசெல்லாம் மனசுல வெச்சிகினு இருக்காதீங்க. உங்க கை பட்டா இந்த வண்டி ராஜா மாரி ஆயிடும், நா எட்த்துகினு போயி யாருக்கோ குடுக்கவா?" என்றார். நான் வாங்கினேன். கார் அப்போது புதிதாக வெள்ளை அடிக்கப்பட்டிருந்தது. இருக்கைகளை எடுத்துவிட்டு உள்பக்கமும் அடித்திருந்தார்.

அதன்பின் எட்டு மாதம் அந்தக் காரைச் சீர்செய்தேன். இந்தக் கார் முழுக்க இஞ்ச் கணக்கில் செய்யப்பட்டது. நாற்பது வருடத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை எல்லாம் அதில் திணித்திருந்தார்கள். பட்டறையில் ஒரு இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். இந்தக் காரில் அதிகம் வருவது இரண்டரை நூல் போல்ட். அதற்கும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் பருமனில் ஒரு தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லை. கண்ணுக்குத் தெரியாது. மரையில், அதாவது திருகு வரிகளின் நெருக்கத்தில்தான் வித்தியாசம். ஒன்றின் துளையில் மற்றதை வைத்தால் இரண்டு சுற்று நல்லபடியாக இறங்கும், மூன்றாவதில் இறுகும், அதற்குமேல் நீளமான ஸ்பேனர் போட்டு மிதித்தால் துளையின் மரையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். மரை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

நான் போல்ட் மாற்றும் முறையை அலுவலர் விவரமாகக் கேட்டதால் எழுதுகிறேன். ஒரு தகட்டில் நான்கு போல்ட் இருந்தால் நான்கையும் ஒருசேரக் கழற்ற மாட்டேன். பழைய தகடு விட்டால் நெளியும், துளைகள் மறுபடி நேர்வராது. ஒன்றைக் கழற்றி, துளையில் மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்து, சரியான போல்ட்டைப் போட்டு முடுக்கிய பிறகே அடுத்ததில் கை வைப்பேன். கழற்றியதை மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தரும் காகித உறையில் போட்டு, எண் எழுதி, தகர டப்பாவில் வைப்பேன். அதே எண்ணை நோட்டில் எழுதி, இடத்தை வரைந்துவிடுவேன். செல்போனில் படம் எடுப்பதில்லை. படத்தில் அளவு தெரியாது.

2023 நவம்பர் 19 அன்று பின் இருக்கையை எடுத்தபோது அதன் அடியில் ஒரு தகடு இருந்தது. அந்த இடம் துருப்பிடிக்கும் இடம், மேலே தகடு போட்டு மூடுவது வழக்கம், அப்படித்தான் நினைத்தேன். தட்டிப் பார்த்தேன். வெற்றுச் சத்தம் வரவில்லை. உள்ளே சாக்கு திணித்திருந்தது இப்போதுதான் தெரிகிறது. நான்கு மூலையிலும் இருந்த போல்ட்டுகள் பாதிக்குமேல் இறங்கவில்லை. மீதி உயரத்தை மறைக்க ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வாஷர் போட்டிருந்தார்கள். அரை இஞ்ச் ஸ்பேனர் தலையில் நிற்கவில்லை, பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பேனர் நின்றது. முதல் போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே முக்கோணக் குறி இருந்தது.

அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் நிராகரித்த சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தன் காருக்கே போட்டிருக்கிறார், இவர் புத்தி இவ்வளவுதான் என்று நினைத்துச் சிரித்தேன். சுமித்ராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், "அந்த ஆள் பேர சொல்லாம உங்களுக்கு ஒரு வேல ஓடாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் அவருடைய போல்ட் ஒன்றுகூட என் காரில் இருக்கக் கூடாது என்று நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒன்று கழன்றபோது மற்ற மூன்றும் தகட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தன. ஆகையால் தகடு ஒரு விநாடிகூட மேலே எழவில்லை. அதன்பின் தகட்டின் வெள்ளையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கருநீலம் அடித்தேன். நோட்டில் எழுதியது இது: "31. பின் இருக்கைத் தகடு. 4. எட்டு மி.மீ., தவறு. இரண்டரை நூல் போட்டாயிற்று." இது என் கையெழுத்துத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

12.3.2024 காலை ஒன்பது மணியளவில் பதிவைப் புதுப்பிக்கச் சித்தூர் செல்லும் வழியில், வனச் சோதனைச் சாவடியில் காரை நிறுத்தினார்கள். காவலர் பாபு பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். அதன்பின் பிரிவு அலுவலர் ரங்கையா வந்து குனிந்து பார்த்தார். "ஏமய்யா சாரு, வண்டி உன் கல்யாணத்துக்கு முன்ன வந்தது. போல்ட்டு மட்டும் நேத்து வந்தாப்ல பளபளன்னுகீது. உள்ள என்னா வெச்சிகினு போறே?" என்று கேட்டார். உள்ளே ஒன்றும் இல்லை என்றேன். தொறக்கலாமா என்றார். பாபு கட்டிங் பிளேயரை எடுத்தார். பிளேயர் போட்டால் தலை வழுக்கிவிடும் என்று சொல்லித் தடுத்து, என் பையிலிருந்த அரை இஞ்ச் ஸ்பேனரை எடுத்து நானே கழற்றினேன். அன்றுதான் முதல்முறையாக நான்கு போல்ட்டையும் ஒருசேரக் கழற்றினேன். தகட்டைத் தூக்கியதும் பெட்டி போல ஒரு பள்ளம் இருந்தது. அதன் மூலையில், சாக்கில் சுற்றி, இரண்டடி நீளச் செம்மரத் துண்டு ஒன்று இருந்தது. பாபு அதைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அந்தத் துண்டு ஏன் அங்கேயே விடப்பட்டது என்பதை ஊகித்து எழுத விரும்பவில்லை.

காரையும் நோட்டையும் செல்போனையும் கைப்பற்றி, மறுநாள் வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மறுநாள் வந்தேன். தான் விற்றபோது பின் இருக்கைக்கு அடியில் தகடே இல்லை என்று மேற்படி கிரண்குமார் சொன்னதாக ரங்கையா என்னிடம் கூறினார். நான் 31-ஆம் உறையைப் பற்றிச் சொன்னேன். அந்த நான்கு போல்ட்டின் தலையிலும் அவர் அடித்த வெள்ளை இருக்கிறது, தகடு இல்லாமல் போல்ட்டுக்கு எப்படிப் பெயிண்ட் அடிக்க முடியும் என்று கேட்டேன். தகட்டின் வெள்ளையை நான் தேய்த்துவிட்டபடியால் வேறு அத்தாட்சி இல்லை. என்னை அலுவலகத்திலேயே உட்காரவைத்துவிட்டு, பாபுவை என் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மதியம் ரங்கையாவின் போனுக்குச் சுமித்ரா பேசினாள். போனை என்னிடம் கொடுத்தார். "ஏங்க, டப்பாவுல இருந்த கவரெல்லாம் பிரிச்சி ஒரே கோணியில கொட்டிகினாங்க. நம்பர் போட்டுக்கீது, கொட்டாதீங்கன்னு சொன்னேன். எல்லாம் இரும்புதாம்மான்னு சொல்லிட்டாரு," என்றாள். பிறகு, "நீங்க துன்னீங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் போனை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கோணி இன்று காலை மேசைமேல் இருந்தது. காகித உறைகள் இல்லை. என்னுடைய கேஜும் ஒரு வெள்ளைத் துணியும் கேட்டேன். கொடுத்தார்கள். ரங்கையாவும் பாபுவும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மொத்தப் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மரையை அளந்தேன். 412 போல்ட்டுகள் இருந்தன. எட்டு மில்லிமீட்டர் பதினேழு. அவற்றில் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பேனர் தலை உள்ளவை ஆறு. அந்த ஆறில் முக்கோணக் குறியும் வெள்ளைப் பெயிண்டும் உள்ளவை நான்கு. நான்கிலும் பாதி மரை நசுங்கியும் மீதி பாதி புதிதாகவும் இருந்தது. அந்தக் காரின் துளையில் பாதிதான் இறங்கினவை என்பதற்கு அதுவே அடையாளம். ரங்கையா கேஜை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தார்.

"செரி, கரெக்டா சொல்றே. ஆனா கிரண்குமார் மேல ஏற்கெனவே மூணு பெட்டிஷன் போட்டுக்கீறே. இது நாலாவதுன்னு அவுங்க வக்கீலு சொல்ல மாட்டானா?" என்றார். சொல்வார் என்றேன். மூன்று மனுவில் எழுதியதும் உண்மைதான், அப்போதும் யாரும் போல்ட்டை எடுத்துப் பார்க்கவில்லை.

அதன்பின் பாபு அந்த நான்கையும் வாரி மறுபடி கோணியில் போடப் போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அரசு ஊழியர் கையைப் பிடித்தது தவறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுத்தர் தெலுங்கில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். அதில் எனக்குப் படிக்கத் தெரிந்தவை எண்கள் மட்டும். 4 இருந்தது. 8 இல்லை. 12 இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "துருப் பிடிச்ச சின்ன போல்ட்டு நாலு," என்றார். துருப்பிடித்த சின்ன போல்ட் நான்கு எந்தப் பட்டறை வாசலிலும் கிடக்கும். அவற்றைக் கொண்டு நான் வெளியே வர முடியாது. அளவும் தலையும் குறியும் பெயிண்டும் எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "போல்ட்டுன்னா போல்ட்டுதானய்யா, இதுக்கு ஜாதகமா எழுதுவாங்க?" என்று எழுத்தர் சிரித்தார். ரங்கையா சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்.

இரண்டாம் தாள் இப்போது என் முன் இருக்கிறது. அதில் 4 இருக்கிறது, 8 இருக்கிறது, 12 இருக்கிறது. முக்கோணத்தை எப்படி எழுதுவது என்று எழுத்தர் கேட்டதால் ரங்கையாவே பேனாவை வாங்கி ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைந்தார். நான்கு போல்ட்டையும் தனி உறையில் போட்டு என் கண்முன் அரக்கு வைத்தார்கள். வெள்ளைப் பெயிண்டைப் பற்றியும் எழுதியாயிற்று என்று வாயால் சொன்னார்கள். வெள்ளை என்பதற்கு எண்ணும் இல்லை, படமும் இல்லை. அந்தச் சொல் அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மேலே தமிழில் உள்ளவை முழுவதும் நான் கண்டதும் செய்ததுமே. யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதினேன். படித்துப் பார்த்துச் சரி என்று கண்டு கையெழுத்திடுகிறேன். தெலுங்குத் தாளில் மூன்று எண்களுக்கும் ஒரு முக்கோணத்துக்கும் மட்டும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வே. பூவராகவன்
14.3.2024, மாலை 4.20

என் முன்னிலையில் எழுதப்பட்டது.
(ஒப்பம்) ரங்கையா, பிரிவு அலுவலர்