கொக்கி மேல தப்பில்லை

— இந்தா, மறுபடியும் நின்னுடுச்சு. நான் சொன்னா நம்பல இல்ல? வந்து உன் கண்ணால பாரு அரீபா.

— பொறு பொறு. முதல்ல விசையில இருந்து விரல எடு தேவி. துப்பாக்கி வாய மண்ணுமேட்டுப் பக்கமே வச்சிரு. ம்... சுட்ட குண்டோட காலிக் கூடு வெளிய விழாம நட்டமா மாட்டிட்டு நிக்குது. அது பின்னாலயே அடுத்த குண்டு மூக்க இடிச்சிட்டுக் கெடக்குது.

— கிளப்புக்குப் புதுத் துப்பாக்கி வந்தா எனக்கு நல்ல காலம்னாங்க. பெட்டி பிரிச்ச வாசம்கூட இன்னும் போவல. அதுக்குள்ள இன்னா மக்கர் பண்ணுது பாரு.

— புதுசுன்னாதான் மொரண்டு பிடிக்கும். எங்க அத்தா தட்டாஞ்சாவடிப் பட்டறையில புது லேத்து எறக்கினப்ப, ஒரு வாரம் தலையில கை வச்சிட்டு உக்காந்திருந்தாரு. ஒண்ணொண்ணா வருவோம். ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். எல்லாத்தையும் சேத்து மாத்தினா எது தப்புன்னே தெரியாமப் போயிடும்.

— மாத்து. எனக்கு இன்னிக்கு வேற வேலையே இல்ல.

— டூட்டி?

— லீவு சொல்லிட்டேன். போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தரும் ஏன்னு கேக்கல. போட்டிக்குப் போறவன்னு நெனச்சுக்கிட்டாங்க.

— நான் வரும்போது கோச் மாஸ்டர் ரூமுல இருந்து வந்தியே, என்னா சொன்னாரு?

— டீம் விஷயம்தான். சாயந்தரத்துக்குள்ள ஒரு பேரு அனுப்பணுமாம்.

— உன் பேருதான்னு ஊருக்கே தெரியும். இதுல பேச என்னா இருக்கு? பெண்கள் பிஸ்டலுக்குப் பாண்டிச்சேரிக்கு ஒரே எடம். நீ மொத, நான் ரெண்டாவது. அழுது முடிச்சு நான் மூஞ்சி கழுவி ரொம்ப நாளாச்சு.

— அழுதியாடி?

— பின்ன சிரிப்பாங்களா? உன்னத் திட்டிக்கிட்டேகூட அழுதேன். போதுமா? அந்தப் பையில லென்ஸ் இருக்கு, எடு. கொக்கியப் பாக்கறேன்.

— எது கொக்கி?

— இத்தன வருஷமா சுடற, இதுகூடத் தெரியாது. இந்தா, நகம் மாதிரி இருக்கே, இதான். சுட்டதும் காலிக் கூட்டோட விளிம்பப் பிடிச்சு வெளிய இழுக்கறது இதுதான். இது வழுக்கிச்சுன்னா கூடு உள்ளயே நின்னுடும், அடுத்தது ஏறாது. பொறு பொறு. இது என்னாடி மஞ்சளா?

— கிரீஸு.

— யாரு வச்சது?

— நான்தான். எங்கூட்டுக்காரரு ராஜ்கமல் படகு எஞ்சினுக்குப் போடறதுல இருந்து ஒரு டப்பாவுல கொஞ்சம் வழிச்சிட்டு வந்தேன். அப்படி மொறைக்காத. கடல் காத்து இரும்பத் தின்னுடும்டி. எங்கூட்ல சைக்கிள் செயினு, கதவுக் கீலு, ஃபேன் ராடு எல்லாத்துக்கும் அதான். வீராம்பட்டினத்துல எந்த ஊட்ல வேணாலும் தொட்டுப் பாரு, கையில ஒட்டும்.

— யா அல்லாஹ்! துப்பாக்கி என்ன ஃபைபர் படகா? மீன் பிடிக்கப் போறியா இத எடுத்துக்கிட்டு?

— நல்லதுன்னு நெனச்சுத்தான் வச்சேன். மொத தடவையா புதுசு ஒண்ண என் கையில குடுத்தாங்க. துருப்பிடிச்சிடுமோன்னு பயம்.

— குண்டு உக்கார்ற எடத்துல அப்பியிருக்க. கொக்கிக்கு அடியில அப்பியிருக்க. கரியும் இந்தக் கிரீஸும் சேந்து களி கிண்டினாப்புல கெடக்குது. கொக்கி எதப் பிடிக்கும்? இதேதான் தேவி. இதுதான் காரணம்.

— நெசமாவா?

— பின்ன?

— துப்பாக்கிதானா? துப்பாக்கிதான் தப்பா? நல்லாப் பாத்து சொல்லுடி.

— ஏண்டி இப்படி பல்ல இளிக்கற? திட்டிக்கிட்டு இருக்கேன் நான்.

— திட்டு. நல்லாத் திட்டு. இன்னும் ரெண்டு வார்த்த சேத்துத் திட்டு.

— லூசு. அந்தச் சின்ன பிரஷ்ஷக் குடு. துணியும் குடு. குண்டு அடுக்கற இந்த மேகசின் வாயிலயும் ஒரு விரல் கிரீஸு. இதுல ஸ்பிரிங்கு எப்படி குண்ட மேல தள்ளும்? பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே.

— நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல தெரியுமா. ஒரு டப்பா கிரீஸா என்னைய இந்தப் பாடு படுத்துச்சு.

— தொடச்சாச்சு. இந்தா, வெளிச்சத்துல பாரு, உள்ள பளபளன்னு இருக்கு. குண்டப் போடு, சுடு.

— நீ போட்டுக் குடேன்.

— ஏன்?

— அஞ்சாவது குண்டு உள்ள போவ மாட்டேங்குது. கட்டவிரலு வலிக்குது. ஸ்பிரிங்கு ரொம்ப டைட்டு.

— டைட்டா? எனக்கு ஒண்ணும் தெரியலியே. இந்தா, போயிடுச்சு.

— உனக்கு லேத்துப் பட்டறக் கையி. தள்ளி நில்லு. சுடப்போறேன்.

— பாத்து. மூச்ச விட்டுட்டு... ஆங், ஒண்ணு. ரெண்டும் போச்சு. அட்றா சக்க! சொன்னேன் இல்ல?

— நின்னுடுச்சு.

— எங்க?

— மூணாவதுல. அதே மாதிரி நட்டமா நிக்குது. பாரு.

— பொறு பொறு. பதறாத. குண்டா இருக்கலாம். இந்தப் பெட்டி மழ நாள்ல இருந்து அலமாரியில கெடக்குது. மருந்து தம் இல்லாமப் போயிருந்தா பின்னால தள்ற வேகம் பத்தாது. அந்தச் செவப்புப் பெட்டியில இருந்து எடு.

— எடுத்தாச்சு. நீயே போடு.

— ம், இந்தா. சுடு.

— மொத குண்டுலயே நின்னுடுச்சுடி.

— சரி. இப்ப குண்ட மாத்தியாச்சு. அடுத்தது மேகசின். இன்னொண்ணு இருக்கே, கவருல இருந்து பிரிக்காதது, அதப் போடுவோம். இதோட வாயி கொஞ்சம் கோணியிருக்கும். கோணியிருந்தா குண்டு தல குப்புறத்தான் போவும்.

— இருக்கும்னு சொல்றியா, இருக்குன்னு சொல்றியா?

— சுடேன் முதல்ல.

— பின்னால நிக்காத. பக்கத்துல வா. என் கையப் பாத்துக்கிட்டே இரு.

— கைய எதுக்குப் பாக்கணும்?

— பாரு, அவ்ளோதான். ... நின்னுடுச்சா?

— நின்னுடுச்சு.

— பாத்தியா?

— என்னா?

— என் மணிக்கட்டு. வெடிக்கும்போது.

— நான் மேல முன்னபின்ன ஓடற ஸ்லைடப் பாத்துக்கிட்டிருந்தேன்.

— சரி. அடுத்தது எத மாத்தப்போற?

— பின்னால இருக்கற பெரிய ஸ்பிரிங்கு. புதுசுல கொஞ்சம் கட்டியா இருக்கும், ஓட ஓட சரியாயிடும். இல்லன்னா கம்பெனிக்கே அனுப்பச் சொல்லுவோம் மாஸ்டர்கிட்ட. இப்பல்லாம் அப்படித்தான் வருது சாமான். நீ ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க? தண்ணி குடிக்கறியா?

— நீ ரொம்ப பேசற அரீபா.

— நான் எப்பவும் பேசறதுதானே.

— இல்ல. தெரிஞ்சது எதையாச்சும் மறைக்கறப்பதான் இப்படி மூச்சு விடாமப் பேசுவ. எங்க அம்மா பெரிய மார்க்கெட்ல மீன் வித்துக்கிட்டிருந்தாங்க இல்ல, உனக்கு நெனவிருக்கா?

— நெனவில்லாம? வஞ்சிர மீனு எங்கூட்டுக்கு அவங்ககிட்டதான் வாங்குவோம். துண்டு போடறது அப்படி அளவெடுத்தாப்புல இருக்கும்.

— மொத கத்தி நழுவிச்சு. ஈரக் கையின்னாங்க. வேற கத்தி வாங்கினாங்க. அப்புறம் பலகை சரியில்லன்னாங்க. பலகைய மாத்தினாங்க. கூடைக்கு அடியில வைக்கற பிரிமணைய மாத்தினாங்க. நீ இப்ப மாத்தற மாதிரியே ஒண்ணொண்ணா எல்லாத்தையும் மாத்திட்டு, கடைசியிலதான் கையப் பாத்தாங்க.

— சும்மா இரு தேவி. வாயக் கழுவு.

— காலையில யூனிஃபார்ம் பட்டன ராஜ்கமல்தான் போட்டு உடறாரு. ஒரு மாசமா. சப்பாத்தி மாவு பெசையறதும் அவருதான். எங்க மாமியா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்குது, எம்மவன் பொண்டாட்டிக்குச் சட்ட மாட்டி உடறான்னு.

— பிராக்டிஸு ஜாஸ்தி. தசை இழுத்துக்கிச்சு. எனக்கும்தான் போன வருஷம்...

— நீ சுடு.

— என்னா?

— துப்பாக்கிய மாத்தல, ஆள மாத்து. மிச்சம் அது ஒண்ணுதானே. இதே குண்டு, இதே மேகசின். நீ சுட்டுப் பாரு.

— நான் மாட்டேன்.

— ஏன்?

— ஏன்னு கேக்காத.

— கேப்பேன். சொல்லு.

— சொல்லட்டுமா? நான் சுட்டு, அது ஒழுங்கா ஓடிச்சுன்னா? ரெண்டாவதா நிக்கறவ வந்து உன் கையிலதான் கோளாறுன்னு சொன்னா, நீயே நம்புவியா? எடத்துக்கு ஆசப்பட்டுச் சொல்றான்னு கிளப்பே பேசும். முத்தியால்பேட்ட வரைக்கும் பேசும். எனக்கு அந்த எடம் வேணும்தான். பொய் சொல்லல, ராப்பகலா வேணும். ஆனா இப்படி வேணாம்டி.

— கிளப்ப உடு. நான் கேக்கறேன், எனக்காக சுடு. நான் பாக்கக்கூட மாட்டேன். வெளிய வேப்பமரத்தாண்ட போயி நிக்கறேன். முடிஞ்சதும் கூப்பிடு.

— தேவி...

— பிடிய உன் கைக்குச் சரியா வச்சுக்க. அந்த ஸ்க்ரூவ ஒரு சுத்து தளத்து. உன் உள்ளங்கை என்னுதவிடப் பெருசு.

— ஒரு தடவ சுடறதுக்கு எதுக்குப் பிடிய மாத்தணும்?

— சொன்னதச் செய்யிடி. நான் போறேன்.

— காத மூடிக்க!

— மூடிக்கறேன், மூடிக்கறேன்.

— தேவி! உள்ள வா. முடிச்சுட்டேன்.

— இன்னா ஆச்சு?

— என்னா ஆவும்? எனக்கும் சிக்கிச்சு. ரெண்டு தடவ. சனியன் பிடிச்ச துப்பாக்கி. நான் சொன்னேன் இல்ல, ஸ்பிரிங்குதான். இப்பவே போயி மாஸ்டர்கிட்ட சொல்லிடலாம், இது வேணாம், உனக்குப் பழையதே போதும்னு.

— ரெண்டு தடவயா?

— ஆமா. ரெண்டாவதுல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு.

— அல்லா மேல சொல்லு.

— அதுக்கெல்லாம் எதுக்கு அவர இழுக்கற?

— நான் காத மூடல அரீபா. ரெண்டு வெடி கேட்டுச்சு. ஒரு நிறுத்தம். மறுபடி ரெண்டு. மறுபடி நிறுத்தம். அப்புறம் ஒண்ணு. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்க.

— யோசிச்செல்லாம் இல்ல. சிக்கிச்சுன்னு சொல்றேன் இல்ல?

— சிக்கினா மாட்டினத எடுக்க ஸ்லைட இழுக்கணும். உள்ள கர்க்குன்னு ஒரு சத்தம் வரும். இது வந்த நாள்ல இருந்து அந்தச் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், தூக்கத்துல கூட கேக்குது. நீ நிறுத்தினது கேட்டுச்சு. இழுத்தது கேக்கல.

— தேவி, நான்...

— கீழ கெடக்கற கூடுங்களக் குனிஞ்சு பாரு. என்னுதுல சிக்கினது ஒவ்வொண்ணும் வாயி நசுங்கிக் கெடக்குது. உன் பக்கத்துல கெடக்கறது அஞ்சும் உருண்டையா இருக்குது.

— நான் என்னாடி பண்ண? பாத்தேன். உன் மணிக்கட்டு பின்னால வளைஞ்சு குடுத்தத பாத்தேன். கை அசையாம நின்னாதான் ஸ்லைடு முழுசாப் பின்னால வந்து கூட்ட வெளிய தள்ளும். கை கூடவே போனா பாதியிலேயே நின்னுடும். என் வாயால எப்படிச் சொல்லச் சொல்ற? உனக்கு அது ஒண்ணுதானே இருக்கு. நல்ல டாக்டரா பாப்போம். அத்தாகிட்ட சொல்லி வேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். சின்ன நரம்புப் பிடிப்பாக்கூட இருக்கும்.

— நேத்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஊசி குத்தி, கரண்டு வச்சு, எல்லாம் பாத்துட்டாங்க. அம்மாவோடதேதான். இன்னும் கொஞ்ச நாள்ல இந்தக் கையால டம்ளரு தூக்க முடியாதாம்.

— நேத்தேவா? அப்புறம் எதுக்குடி காலையில இருந்து என்னைய இந்தப் பாடு படுத்தின?

— அந்தக் கிரீஸப் பாத்து நீ இதேதான்னு சொன்னப்ப, ஒரு நிமிஷம் டாக்டருங்கதான் தப்பா சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. அது போவட்டும். ஆனா நான் உன்னக் கூப்பிட்டது என் கையப் பாக்கறதுக்கு மட்டும் இல்ல.

— பின்ன எதுக்கு?

— அழாத, அழுதா கை ஆடும். மாஸ்டர்கிட்ட உன் பேரத்தான் குடுத்துட்டு வந்திருக்கேன், இந்தத் துப்பாக்கியோட போவப்போறவ நீதான். இப்பவாச்சும் மறைக்காம சொல்லு, உன் கையில சிக்கிச்சா, சிக்கலியா?