லெய் ஆற்றில் ஒருவர் குதித்தார்

பழைய வெள்ளிப் பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கறுப்பு அதன் வயது. தேய்க்கத் தேய்க்கப் பின்பக்கம் பொறித்த பெயரும் கரைந்துபோகும். பெயர் போனபின் அது வெறும் உலோகத் துண்டு.

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை வேண்டாம். வக்கீலும் இப்போதைக்கு வேண்டாம்.

கென்ட் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்குப் போகத் தொடங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தண்ணீரிலிருந்தும் தீயிலிருந்தும் பிறரைக் காப்பாற்றியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பதக்கங்கள் அங்கே கரண்டிகளோடு கரண்டியாகக் கிடக்கும். ஒன்றை வாங்கிவந்து அந்தப் பெயரைத் தேடுவேன். யார் அவர், யாரைக் காப்பாற்றினார், எங்கே புதைத்தார்கள். கல்லறை அகப்பட்டால் பழைய பதக்கம் சேர்க்கும் எங்கள் வட்டத்தார் எல்லோரும் போய், அதில் எங்கள் நாட்டுக் கொடியின் கறுப்பு, மஞ்சள், சிவப்பு நாடா கட்டிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்போம். பிறகு பியர் குடிக்கப் போவோம். அந்தப் பேசாத நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் லிவினஸ் ரோகே என்ற படகுக்காரரைக் கண்டுபிடித்தேன். லெய் ஆற்றின் ஒரே படித்துறையில் மூன்று முறை குதித்தவர். மூன்று முறையும் ‘உடுத்திய உடையோடு’ என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். அந்தத் துறைச் சுவரில் அவருக்கு ஒரு பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று வட்டத்தில் கேட்டேன். ஃபிர்மின் எழுந்தான். இருபது வருட நண்பன். எல்லோரையும் சிரிக்க வைக்கத் தெரிந்தவன்.

“யோவ் ஓடிலோன், உன் வீரன் ஒரு மெடல் பைத்தியம்யா. ஒண்ணு வாங்கினான், ருசி கண்டுட்டான். மெடல் கெடைக்கும்னா நான்கூடத்தான் குதிப்பேன்.”

“நீயா? நீ குளிக்கவே மூணு நாள் யோசிப்பியே” என்றார் ஒருவர்.

“அதாம்ப்பா சொல்றேன். இன்னிக்கு மெடலுக்கு மதிப்பு இல்ல, எவனும் குதிக்க மாட்டான். மனுஷன் அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான். இவரு என்னடான்னா கல்லறைக்கு ரிப்பன் கட்டிட்டு மூக்கைச் சிந்துறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெயர்ப்பலகை வேண்டாம் என்று கை தூக்கினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்தாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை மதியம், இடத்தையாவது வந்து பார் என்று அவனை அழைத்துப் போனேன். துறையில் நல்ல கூட்டம். சுற்றுலாப் படகுக்கு வரிசை, காபிக்கடை வாசலில் மாணவர்கள், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் கடை. ஃபிர்மின் விளிம்பில் போய் நின்றான்.

“இந்தக் குட்டைக்கா மூணு மெடல்? தவளைக்குக்கூடக் குடுக்க மாட்டாங்களே” என்றான்.

அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். பேருந்தில் முன்னால் நிற்பவரை நகர்த்துவது போலத்தான். அவன் தொப்பி மட்டும் கரையில் விழுந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு கூட்டத்தைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் செல்பேசியை உயர்த்தினார்கள். ஒருவர் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினார். ஃபிர்மின் சொன்னதுதான் சரியோ என்று அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. மிதவை வளையம் மாட்டிய கம்பம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மாணவி ஒருத்தி ஓடிவந்து, “கொஞ்சம் நகருங்க ஐயா, நகருங்க” என்றாள். நான் நகரவில்லை. வளையம் வீசுவது வேறு, குதிப்பது வேறு. வளையம் வீசியதற்காகப் பதக்கம் வாங்கிய எவரையும் நான் சந்தித்ததில்லை.

நீங்களே ஏன் குதிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் பார்க்க வந்தவன் குதித்தால், பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

அப்போதுதான் வறுவல் கடையிலிருந்து அதன் சொந்தக்காரர் டிர்க் ஸ்டாலென்ஸ் ஓடிவந்தார். இடுப்பில் எண்ணெய்க் கறை படிந்த துணி, கையில் உப்பு. யாரையும் பார்க்கவில்லை. அப்படியே குதித்தார், உடுத்திய உடையோடு. என் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சரியாக நீந்தக்கூடத் தெரியவில்லை. எப்படியோ ஃபிர்மினைப் பிடித்து இரும்பு ஏணிவரை தள்ளிக்கொண்டு வந்தார். ஃபிர்மின் அவர் தோள்மேல் கால் வைத்து ஏறினான். தோள் கீழே போயிற்று. மறுபடி மேலே வரவில்லை. அந்த மாணவி இன்னும் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனைக்குத் தொப்பியைக் கொண்டுபோனேன். தானே வழுக்கி விழுந்ததாக ஃபிர்மின் நம்புகிறான்.

“நானே நீந்தி ஏறினேம்ப்பா. அந்த ஆளு எங்கேருந்தோ வந்து என் காலைப் புடிச்சு இழுத்தான். பாவம், குடிச்சிருப்பான் போல.”

செய்தித்தாளிலும் அப்படித்தான் வந்தது. அடக்கத்துக்குப் பிறகு டிர்க்கின் மனைவி ஹில்டாவைப் பார்த்தேன். கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒழுங்கா நீஞ்சத் தெரியாதவன் ஏன் குதிச்சான்னு கேக்குறாங்க, ஐயா. குடிச்சிருந்தானான்னு என் மூஞ்சிக்கு நேராவே கேக்குறாங்க. அந்த மனுஷன் பியரைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?”

எனக்குத் தாங்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பதக்கத்தை அரசாங்கம் இன்றும் கொடுக்கிறது, இறந்தவருக்கும் உண்டு. ஆனால் ஒருவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்: விழுந்தவர் யார், எப்படி விழுந்தார், காப்பாற்றியவர் என்ன செய்தார். செல்பேசிக்காரர்கள் எல்லோரும் ஃபிர்மினின் முகத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தோளைப் பார்த்தவன் நான் ஒருவன். எப்படி விழுந்தார் என்பதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் என் சாட்சி ஒருநாள் உடையும், பதக்கமும் போகும். அரைகுறைச் சாட்சிகளால் எத்தனை பேர் பதக்கம் கிடைக்காமல் விட்டுப்போனார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வந்தேன். தள்ளியது நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் டிர்க்கின் பெயரை முதலில் எழுதுங்கள்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள், இன்ஸ்பெக்டர். நான் தள்ளியிராவிட்டால் அவர் கடைசிவரை கிழங்கு வறுத்துக்கொண்டே இருந்திருப்பார். தன் கணவர் எப்பேர்ப்பட்டவர் என்பது ஹில்டாவுக்கே தெரியாமல் போயிருக்கும்.

பதக்கத்தை அவள் வாங்கும் நாளன்று மட்டும் எனக்கு அனுமதி வேண்டும். முன்வரிசை வேண்டாம். அவள் திரும்பிப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஓர் இடம் போதும். நன்றி சொல்ல அவள் என்னைத் தேடுவாள்.