மாஸ்டர் தன் கையால் மாட்டிய வண்டி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது முப்பத்து நான்கு. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு பெண் குழந்தை உண்டு. சிறிய கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஒரு பல் மருத்துவர், ஒரு கேக் கடை, ஒரு நீச்சல் பயிற்சியாளர், இந்த வழக்கில் வரும் சைக்கிள் கடை ஆகியோருக்கு வேலை செய்து வருகிறேன். அலுவலகம் என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டில் துணி மடிக்கும் மேசையில்தான் வேலை. என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

மேற்படி சைக்கிள் கடையில் இருப்பவர்கள் முதலாளி, அவர் மனைவி, மெக்கானிக் ஆகியோர் மட்டுமே. முதலாளியின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மெக்கானிக்கைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படித்தான். அனுபவம் எதுவும் இல்லாமல் நான் இந்தத் தொழிலை ஆரம்பித்தபோது முதன்முதலில் என்னை நம்பி வேலை கொடுத்தவர் இந்த முதலாளி. என் பிரசவ சமயத்தில் பக்கத்தை அப்படியே சும்மா போட்டு வைத்தாரே தவிர, வேறு ஆளைத் தேடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதுச் சைக்கிள்கள் பாதி பிரித்த நிலையில் அட்டைப் பெட்டிகளில் கடைக்கு வரும். ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல் ஆகியவற்றைக் கடையில்தான் மாட்டுவார்கள். ஒரு வண்டியை வாடிக்கையாளருக்கு அனுப்பும் அன்றே அதைப் பற்றிப் பக்கத்தில் ஒரு போஸ்ட் போடுவது வழக்கம். ஒவ்வொரு வண்டிக்கும் நான் நேரில் போய்ப் படம் எடுக்க முடியாது. ஆகவே மாதத்தில் ஒருநாள் மதியம், சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தும் நேரத்தில் போய், அந்த மாதத்துக்கு வேண்டிய படங்களை ஒரேயடியாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை என்று தெரியாமல் இருப்பதற்காக மாஸ்டரை வீட்டிலிருந்து நாலைந்து சட்டை கொண்டுவரச் சொல்வேன். அவர் மனைவி அவற்றைத் தேய்த்து ஹேங்கரில் மாட்டிக் கொடுத்து அனுப்புவார். சுவர்க் கடிகாரத்தையும் காலண்டரையும் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிடுவோம். மாஸ்டர் டயர் அடுக்குக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, ஏற்கெனவே முறுக்கி வைத்த போல்ட்டின் மேல் ஸ்பேனரை வைத்தபடி நிற்பார். அவருக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பம் இல்லை. "சீக்கிரம் எடும்மா. இதுக்கு மேல முறுக்கினா மரை கழண்டுடும், போல்ட்டுக்கு இல்ல, எனக்கு" என்று ஒருமுறை சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, அந்தப் படம் ஆடிப்போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

படங்களுக்குக் கீழே வரும் வாசகங்களை எழுதுவது நான். முதலாளி அவற்றைப் படித்துப் பார்ப்பதில்லை. வெறும் சைக்கிள் படத்தை யாரும் நின்று பார்க்கமாட்டார்கள், ஆள் முகம் இருந்தால் பார்ப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற விஷயம். அதனால் மாஸ்டரை அடிக்கடி வாசகத்தில் சேர்ப்பேன். பக்கத்துக்கு வரும் மெசேஜ்களுக்குக் கடையின் பெயரில் பதில் சொல்வதும் நான்தான். பதில் தாமதமானால் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார் என்பதால், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூட ஒரு கையால் பதில் அடித்துக்கொண்டிருப்பேன்.

இந்த வழக்கில் காயம்பட்டவர் மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் நீல நிற வண்டி ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினார். வேலைக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது என்றும், சின்ன வயதுக்குப் பிறகு சைக்கிள் ஓட்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். அதன் பிறகு, "நல்லா மாட்டித் தருவீங்கல்ல? எனக்கு பயமா இருக்கு" என்று கேட்டார். "பயப்படாதீங்க, எங்க மாஸ்டர்தான் எல்லா வண்டியையும் மாட்டுவார்" என்று நான் பதில் எழுதினேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, இன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும் என்றும் எழுதினேன். இந்த இரண்டையும் எழுதுவதற்கு முன் நான் கடையில் யாரையும் கேட்கவில்லை. எழுதி முடித்த பிறகுதான் முதலாளிக்குத் தகவல் சொன்னேன்.

அன்று மாலை முதலாளி என் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். மாஸ்டர் அன்று லீவு என்று முதலாளியே என்னிடம் சொன்னார். மாஸ்டருடைய மனைவியின் அம்மா வீடு மாற்றுகிறார், சாமான் ஏற்றி இறக்க மாஸ்டர் போயிருக்கிறார் என்றும் அதில் இருந்தது. தானே வண்டியை மாட்டிச் சரக்கு வேனில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். பின்னால் வேன்காரர் ஹார்ன் அடிக்கும் சத்தம் கேட்டது. படம் எடுக்க நேரமில்லை, பழசில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடு என்று சொல்லி முடித்தார்.

அதன் பிறகு நான் எடுத்து வைத்திருந்தவற்றில் அதே நீல நிறத்தில் ஒரு வண்டியும் மாஸ்டரும் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாஸ்டர் கோடு போட்ட சட்டையில், ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்பேனரை வைத்துக்கொண்டு இருந்தார். அதன் கீழே, "எங்கள் மாஸ்டரே தன் கையால் மாட்டி, இன்று வழியனுப்பி வைத்த வண்டி" என்று எழுதிப் போட்டேன். மாஸ்டர் லீவு என்று தெரிந்துதான் எழுதினேன். அப்போது எனக்கு அது பொய் என்றே தோன்றவில்லை. வழக்கமாக எழுதுவதுபோல் எழுதினேன். அந்த போஸ்ட்டுக்கு நிறையப் பேர் லைக் போட்டார்கள். வண்டியை வாங்கிய பெண்ணும் ஒரு நன்றி எழுதியிருந்தார்.

மறுநாள் காலை அந்தப் பெண் வேலைக்குப் போகும் வழியில், இறக்கத்தில் வளையும்போது ஹேண்டில்பார் மட்டும் திரும்பி, சக்கரம் நேராகப் போய், நடைபாதை விளிம்பில் மோதி விழுந்ததாக அவருடைய அண்ணன் கொடுத்த புகாரில் இருப்பதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். தாடை எலும்பு உடைந்திருக்கிறது. ஹேண்டில்பார் போல்ட்டைச் சரியாக முறுக்காததே காரணம் என்று வண்டியைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புகாருடன் நான் போட்ட போஸ்ட்டின் நகலையும் அண்ணன் கொடுத்திருக்கிறார்.

முதலாளியிடம் விசாரித்தபோது, மாஸ்டர்தான் மாட்டினார், பக்கத்திலேயே படத்தோடு போட்டிருக்கிறோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். தான் அன்று லீவு என்று மாஸ்டர் சொன்னதற்கு அவர் மனைவி வீட்டாரைத் தவிர வேறு சாட்சி இல்லை. கடையில் வருகைப் பதிவும் கிடையாது. சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அதிகாரி நினைத்ததில் தவறு இருப்பதாக நான் சொல்லமாட்டேன். மாஸ்டர்மீது வழக்குப் பதிவு செய்யப்போவதாக அறிந்தேன்.

இது தெரிந்ததும் முதலாளி அனுப்பிய குரல் பதிவைத் தேடினேன். அது இருந்த இடத்தில், அனுப்பியவர் நீக்கிவிட்டார் என்ற வரி மட்டும் இருந்தது. உடனே கடைக்குப் போனேன். முதலாளி பெட்டி பிரிக்கும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. நீ சும்மா இருந்தா போதும்" என்றார். மாஸ்டருக்கு நல்ல வக்கீல் வைத்துத் தருவதாகவும், கடை போய்விட்டால் மாஸ்டருக்கும் சேர்த்துத்தான் வேலை போகும் என்றும் சொன்னார். நான் மாஸ்டரின் பெயர் என்ன ஆவது என்று கேட்டேன். அதற்கு அக்கா பதில் சொன்னார். "போலீஸ்காரர் கேட்டப்ப இவருக்கு வார்த்தையே வரல. அப்ப அவங்க போன்ல அந்தப் படத்தைக் காட்டி, மாஸ்டரா மாட்டினார்னு கேட்டாங்க. ஆமான்னுட்டாரு. நீ எழுதிவச்சதைத்தான் இவரு படிச்சாரு." இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

அதன் பிறகு மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "அந்தப் படத்துல அப்பா ஹீரோ மாதிரி இருக்காருன்னு என் பொண்ணு கிளாஸ் பூரா காட்டிட்டு வந்தாம்மா. இப்ப அவளையே எல்லாரும் கேக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார். படத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். இப்போது எடுத்தால், தானே எடுக்கச் சொன்னதாகச் சொல்வார்கள், இருக்கட்டும் என்றார். ஆகவே அந்த போஸ்ட்டை நான் நீக்கவில்லை. இப்போதும் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழே மாஸ்டரைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருப்பவற்றை இங்கே சொல்ல விரும்பவில்லை.

அன்று மாலை காயம்பட்ட பெண்ணிடமிருந்து கடைப் பக்கத்துக்கு மெசேஜ் வந்தது. தாடைக்குக் கம்பி கட்டியிருப்பதால் அவரால் பேச முடியாது, எல்லாவற்றையும் எழுதித்தான் காட்டுகிறார் என்று பிறகு தெரிந்தது. "உங்க மாஸ்டரை நம்பித்தான் ஏறினேன்" என்று எழுதியிருந்தார். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு பதில் எழுதாமல் நான் விட்ட மெசேஜ் அது ஒன்றுதான். கடையின் பெயரில் உண்மையை எழுதினால் முதலாளி சொல்லாததை முதலாளி சொன்னதாக எழுதியதாகும். முன்பு மாஸ்டர் செய்யாததை அவர் செய்ததாக எழுதியதும் இப்படித்தான். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். "நீ போனா கடை கையைவிட்டுப் போகும். மத்தவங்களும் யோசிப்பாங்க. இந்த வம்பு உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். பிறகு அவரே வேன் சாவியை எடுத்துக்கொண்டு, "ஸ்கூல் விடறதுக்குள்ள வந்துடலாமா?" என்றார். அவர்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்.

அந்தப் படத்தின் மூலப் பிரதி என் போனில், எடுத்த தேதியோடு இருக்கிறது. வண்டி விற்பதற்கு இரண்டு வாரம் முன்பு எடுத்தது. அதே மதியம் எடுத்த மற்ற படங்களும் இருக்கின்றன. அவற்றில் மாஸ்டர் வேறு வேறு சட்டையில் இருக்கிறார். ஒன்றின் ஓரத்தில் மேசைக்கு அடியில் வைத்த கடிகாரம் தெரிகிறது. போனை ஒப்படைத்துவிட்டேன். அந்தப் படம் அன்று எடுத்ததில்லை என்பதற்கு இது சாட்சி. வண்டியை மாட்டியது யார் என்பதற்கு இது சாட்சி ஆகாது. அதற்கு என்னிடம் இருப்பது, நீக்கப்பட்ட அந்தக் குரலில் நான் கேட்டது மட்டுமே. வண்டி மாட்டும்போது நான் அங்கே இல்லை. முதலாளி வேண்டுமென்று போல்ட்டைத் தளர்வாக விட்டார் என்று நான் சொல்லவில்லை. மாலைக்குள் வண்டி போக வேண்டும் என்ற அவசரம் நான் கொடுத்தது.

தெரிந்தே தவறான தகவல் வெளியிட்டதற்காக என்மீதும் நடவடிக்கை வரலாம் என்று அதிகாரி சொன்னார். அதைப் புரிந்துகொண்டுதான் சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை.

சொன்னதையெல்லாம் அதிகாரி எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். "அனுபவமும் திறமையும் மிக்க மாஸ்டர் அன்று லீவு என்று முதலாளியே என்னிடம் சொன்னார்" என்று அங்கே இருந்தது. நான் சொன்னதைத்தான் எழுதியதாக அதிகாரி சொன்னார். சொல்லியிருப்பேன். ஆனால் முதலாளி அந்தக் குரல் பதிவில் அப்படிச் சொல்லவில்லை, எனக்கும் சைக்கிள் வேலை தெரியாது. முதல் நான்கு வார்த்தைகளில் மாஸ்டர் என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கச் சொன்னேன். "இருந்தா அவருக்கு நல்லதுதானேம்மா" என்றார் அதிகாரி. வேண்டாம் என்றேன். அடித்த இடத்தில் கையொப்பம் வைத்திருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. இவை உண்மை.

(கையொப்பம்)