ஏரிக்கரைப் புதரும் ஏழு நாள் காய்ச்சலும்

டாக்டர் லுப்னா: ...அப்போ, கொசுவே கடிக்கலைங்கிறீங்க?

தணிகைவேல்: கடிச்சுது டாக்டரம்மா. பாவம், மூக்கு ஒடஞ்சி போய்ட்டுது.

தனபாக்கியம்: ஒரு வாரமா இப்டித்தான் டாக்டர். ஒடம்பு நூத்தி மூணுல கொதிக்குது. எம் புருஷன் வாய் மட்டும் ஜில்லுனு கீது.

லுப்னா: ஐயா, டெங்கு இல்ல. மலேரியா இல்ல. டைஃபாய்டும் இல்ல. ஆனா பிளேட்லெட் கம்மியாய்ட்டே வருது. மூச்சும் வாங்குது. இன்னும் ரெண்டு நாள் காரணம் தெரியாம இழுத்தா கிட்னி, நுரையீரல்னு போய்டும்.

தனபாக்கியம்: கேட்டீங்களா?

தணிகைவேல்: கேட்டேன், கேட்டேன்... எங்க தாத்தா நூத்தி பத்து டிகிரியில மாடு மேய்ச்சாரு.

லுப்னா: புதர்ல, புல்லுல எங்கியாச்சும் ஒக்காந்தீங்களா?

தணிகைவேல்: நானா? சீச்சீ. ஏரிக்கரை ரோட்ல வாக்கிங் போறதோட சரி. காலையில பத்து கிலோமீட்டர்.

தனபாக்கியம்: அரை மணியில வந்துடுவாரு.

தணிகைவேல்: என் வேகம் அப்டி.

லுப்னா: புதர்ல ஒரு பொடிப் பூச்சி இருக்கு. கண்ணுக்கே தெரியாது. அது கடிச்சாலும் இந்த மாதிரி காய்ச்சல் வரும். வலிக்காது, அரிக்காது. கடிச்ச எடத்துல மட்டும் சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு...

தணிகைவேல்: எங்கிட்டயேவா? வாணியம்பாடி தோல் கம்பெனியில முப்பத்தெட்டு வருஷம் செலக்‌ஷன் மேஸ்திரி நான். கோடி ஆட்டுத்தோல் இந்தக் கையில பொரண்டிருக்கு. ஒரு உண்ணி கடிச்ச புள்ளி இருந்தா போதும், பத்தடி தூரத்துலருந்தே மட்ட ரகம்னு ஒதுக்கிடுவேன். ஜெர்மன்காரனே பயப்படுவான்.

தனபாக்கியம்: சொந்தத் தோல என்னிக்கு பாத்தீங்க?

தணிகைவேல்: இது ஏ கிரேடு. பாக்க வேணாம்.

லுப்னா: முதுகு, அக்குள் எல்லாம் பாத்தாச்சு. அந்த அரணாக்கயித்த கொஞ்சம் நவுத்துங்க.

தணிகைவேல்: அது வேணாம்...

லுப்னா: ஏன்?

தணிகைவேல்: பொறந்ததுலேருந்து நவுத்தல.

தனபாக்கியம்: போன பொங்கலுக்குத்தான் புதுசு கட்டுனாரு டாக்டர். இப்டி திரும்புங்க... கைய எடுங்க... டாக்டர், இன்னா இது?

லுப்னா: ம்... இதேதான். கயிறு அழுத்துற எடத்துல எப்டி உக்காந்திருக்கு பாருங்க. ஐயா, இது ரோட்ல நடந்தா வர்றதில்ல.

தணிகைவேல்: காத்துல பறந்து வந்து...

லுப்னா: பறக்காது.

தணிகைவேல்: அப்போ நடந்து வந்திருக்கும்.

லுப்னா: மறைச்சா ஒங்க உசுருதான் போகும். சொல்லுங்க.

தணிகைவேல்: அது... ஏரிக்கரையில ஒரு வேலிக்காத்தான் புதரு. காலையில கடை தெறந்ததும் அரை பிளேட் பிரியாணி பார்சல்...

தனபாக்கியம்: சுகர் முந்நூறு இருக்கும்போதா?

தணிகைவேல்: கடையில ஒக்காந்து துன்னா அஞ்சு நிமிஷத்துல உனுக்கு நியூஸ் வந்துடும். ஆம்பூர் முழுக்க உன் தோஸ்துங்க.

தனபாக்கியம்: நான் கேழ்வரகு கிண்டிக் கிண்டி கை மரத்துக் கெடக்கறேன். இவுரு புதருக்குள்ள விருந்து துன்றாரு.

லுப்னா: அம்மா, திட்டறத வீட்டுக்குப் போய் வெச்சுக்குங்க. பூச்சி எதுன்னு தெரிஞ்சிடுச்சு, இனிமே பயமில்ல. இன்னிக்கு ஊசி. அப்புறம் இந்த மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிடும். புதர் பக்கம் மட்டும் போகவே கூடாது.

தணிகைவேல்: பாத்தியா பாக்கியம்? உண்மைய சொன்னதால பொழச்சேன்.

லுப்னா: ஒரு அட்டை மாத்திரை வாங்கிக்குங்கம்மா. போதும்.

தனபாக்கியம்: ரெண்டா எழுதுங்க டாக்டர்.

லுப்னா: இவருக்கு எதுக்கு ரெண்டு?

தனபாக்கியம்: இவருக்கு இல்ல... எனக்கும் நேத்துலேருந்து குளுரு. பாவாடை நாடா கட்டுற எடத்துல இதே மாதிரி கருப்பா ஒண்ணு...

தணிகைவேல்: உனுக்கா? எனுக்குத் தெரியாம எப்போடி நீ புதருக்குப் போன?

தனபாக்கியம்: வெள்ளிக்கெழமைல கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போவேனே... அப்பதான். அதே ஏரிக்கரையில நாலாவது புதரு. ஆனா நான் முழு பிளேட்டு.